அடியில் ஓடிய பாட்டு

பழைய பாட்டு ஒன்று பஸ்ஸிலோ கல்யாண மண்டபத்திலோ ஒலிக்கும்போது, பாடுகிறவரின் குரலை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு அடியில் ஓடுவதைப் பிடித்துக்கொண்டே போகிறவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறோம். எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருப்பார். தலையாட்டிக்கொண்டிருப்போம். அவர் சொன்னதில் ஒன்றும் காதில் ஏறியிருக்காது. 1986-இல் வந்த ‘மௌன ராகம்’ பாட்டுகளை ஊரே கேட்டது. அவற்றில் பேஸ் கிட்டார் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எந்த இடத்தில் சும்மா இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாயால் பாடிக் காட்டுகிறவர்கள் சிலர்தான். நீங்கள் அந்தச் சிலரில் ஒருவர் என்றால், நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

எண்பதுகளின் கடைசியில் மதுரையில் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவில் பேஸ் கிட்டார் வாசித்தேன். இப்போது டெட்ராய்ட்டுக்கு வெளியே, கார் கம்பெனி வேலைக்கு வந்த தமிழர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் புறநகர் ஒன்றில் இருக்கிறேன். முப்பது வருஷத்துக்கும் மேலாகத் தொடாமல் கிடந்த பழக்கத்தை, பிள்ளைகள் படித்து வெளியூர் போன பிறகு, மறுபடி கையில் எடுத்திருக்கிறேன். வீட்டுக்கு அடியில் பேஸ்மென்ட் இருக்கிறது. வெளியே பனி கொட்டினாலும் உள்ளே கதகதப்பு. அன்றைக்குப் படத்தில் மட்டும் பார்த்த கிட்டார் இன்றைக்கு மடியில் இருக்கிறது. கம்பி வேண்டுமென்றால் இரண்டு நாளில் வாசலுக்கு வந்துவிடுகிறது. ராத்திரி யாருக்கும் தொந்தரவில்லாமல் காதுக்குள் மட்டும் கேட்கிற ஆம்ப்ளிஃபயர் கூட உண்டு.

வாசிக்கவும் வருகிறது. அன்றைக்கு வராததெல்லாம் வருகிறது. ஒரே பாட்டுக்கு வேறு வேறு அடிவரிகளை நானே கட்டுகிறேன். சில நாள் கை போகிற இடம் எனக்கே புதிதாக இருக்கிறது. இருபது வயதில் இது வராதா என்று ஏங்கினேனே, அது வந்திருக்கிறது.

கேட்கத்தான் ஆளில்லை.

எது எது போயிற்று என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறேன். முதலில், கேட்கிற விதம். அப்போது தெருவுக்குத் தெரு ரெக்கார்டிங் சென்டர். பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தருவார்கள். இரண்டு மூன்று நாள் காத்திருந்து வாங்க வேண்டும். வீட்டில் இருந்தது ஒற்றை ஸ்பீக்கர் டேப் ரெக்கார்டர். பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் நொடிக்கு 41 தடவை அதிரும். உள்ளங்கை அகல ஸ்பீக்கரால் அந்த அதிர்வைத் தரவே முடியாது. அது தருவதெல்லாம் அந்த ஸ்வரத்தின் மேலடுக்குகளை மட்டும்: இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுகள். அடியில் இருக்க வேண்டியதை மூளை தானாக ஊகித்துச் சேர்த்துக்கொள்கிறது. ஒலியியல் படித்தவர்கள் இதைத் தெளிவாக விளக்கிவிடுவார்கள். எங்களுக்கு விளக்கமெல்லாம் தெரியாது. இல்லாத ஸ்வரத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் நாங்கள் படித்தோம்.

சந்தேகம் வந்தால் சிம்மக்கல் பக்கத்து டீக்கடை. அங்கே ஆள் உயரத்துக்கு மரப்பெட்டி ஸ்பீக்கர்கள். பாட்டு ஓடும்போது பெட்டியின் பக்கவாட்டுப் பலகையில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு நிற்பேன். குரல் கைக்கு வராது. வயலின் வராது. பேஸ் மட்டும் வரும், மணிக்கட்டு வரைக்கும் வரும். “கைய எடுடா தம்பி, வயரு கியரு பிஞ்சு கெடக்கும்” என்று கடைக்காரர் சத்தம் போடுவார். பாட்டு முடிந்ததும் அவரே கேசட்டை ரீவைண்ட் பண்ணி மறுபடி போடுவார். எதற்கு நிற்கிறேன் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

இன்றைக்குச் செயலி இருக்கிறது. பாட்டைக் கொடுத்தால் குரல் வேறு, தாளம் வேறு, பேஸ் வேறு என்று தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கிறது. வேகத்தைப் பாதியாக்கலாம், ஸ்ருதி மாறாது. ஒரு படத்தின் பாட்டுகள் அத்தனைக்கும் பேஸ் என்னவென்று ஒரு சனிக்கிழமை காலையிலேயே எழுதிவிடலாம். எழுதிப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. உள்ளங்கையில் ஒன்றும் இல்லை.

அடுத்தது ஸ்ருதி சேர்க்கிற வேளை. கிட்டாரின் தலையைக் கவ்விக்கொண்டு உட்காரும் சின்னக் கருவி இப்போது பச்சை விளக்கு காட்டுகிறது. அன்றைக்குக் காதுதான் எல்லாம். தடித்த கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே, அடுத்த கம்பியில் ஏழாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே, விரலை அழுத்தாமல் பட்டும் படாமலும் வைத்து மீட்டினால் இரண்டிலும் ஒரே மெல்லிய உச்ச ஸ்வரம் எழ வேண்டும். துளி விலகியிருந்தாலும் உவ் உவ் உவ் என்று ஓர் அலை கேட்கும். முறுக்காணியைத் திருகத் திருக அந்த அலை நீளும், இன்னும் நீளும், ஊ...வ் என்று இழுத்துக்கொண்டே போய் ஓரிடத்தில் அடங்கிவிடும். அடங்கிய இடம்தான் ஸ்ருதி. ஆனால் திருவிழா மேடையில் இதையெல்லாம் எப்படிக் கேட்பது? ஒரு பக்கம் ராட்டினம், ஒரு பக்கம் வேட்டு, மைக் செட்காரர் வேறு “ஹலோ, ஹலோ” என்று பாக்ஸ் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருப்பார். குனிந்து, கிட்டாரின் மேல் கொம்பில் தாடையை அழுத்திக்கொள்வேன். மரத்திலிருந்து எலும்புக்கு, எலும்பிலிருந்து காதுக்கு. ஊர்ச் சத்தம் அத்தனையும் வெளியே நிற்கும். உள்ளே அந்த அலை மட்டும்.

“ஈ குடுங்கண்ணே” என்பேன். ஆர்கன் வாசிக்கிற அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒற்றை விரலை அந்தக் கட்டையில் வைப்பார். யாரோடாவது பேசிக்கொண்டிருப்பார், வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பார், விரல் மட்டும் கட்டையை விடாது. நான் தாடையை எடுத்து நிமிர்கிற வரைக்கும் விடாது. பச்சை விளக்கு இரண்டு விநாடியில் வேலையை முடித்துவிடுகிறது. எனக்காக விரலை வைத்துக்கொண்டு காத்திருந்த ஒரு மனுஷர் இருந்தார் என்பதைத்தான் அந்த விளக்கைப் பார்க்கும்போதெல்லாம் நினைக்கிறேன்.

அந்த அண்ணன்தான் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தினார். சிம்மக்கல்லில் அவர் வீட்டு மாடியில் மத்தியான நேரத்தில் ஒத்திகை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒற்றை ஃபேன், அதுவும் டிரம்ஸ்காரரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். அண்ணி கீழிருந்து தூக்குவாளியில் மோர் கொடுத்துவிடுவார். புதுப்பாட்டு என்றால் அண்ணன் முதலில் கேசட்டை ஒருமுறை முழுசாக ஓட விடுவார். யாரும் வாத்தியத்தைத் தொடக் கூடாது. இரண்டாவது முறை ஓடும்போது அவரவர் பங்கைக் கேட்க வேண்டும். மூன்றாவது முறை டேப்பை நிறுத்திவிட்டு நாங்கள். அவர் குரல் பெரிய குரல் இல்லை. வெற்றிலை அடக்கிய வாயிலிருந்து கொழகொழவென்று வரும். ஆனால் டிரம்ஸ், தும்பா, லீட் கிட்டார் எல்லாவற்றையும் தாண்டி எனக்குக் கேட்கும். கேட்பது பெரும்பாலும் ஒரே வார்த்தை.

“விடு.”

நான் ஒரு ஸ்வரம் கூட்டிப் போட்டிருப்பேன். இரண்டு வரிக்கு நடுவில் இடம் கிடைத்ததே என்று விரல் ஓடியிருக்கும். “விடு தம்பி. அந்த எடம் புல்லாங்குழலுக்கு.” இன்னொரு நாள், “அங்கிட்டு விடு. அவ மூச்சு எடுக்குற எடம் அது.” பாடுகிற அக்கா எங்கே மூச்சு எடுப்பார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அதுவரை தெரியாது. அதற்குப் பிறகு எந்தப் பாட்டைக் கேட்டாலும் மூச்சு எடுக்கிற இடம் தெரிந்துவிடுகிறது.

ரெக்கார்டில் உள்ளதை உள்ளபடி வாசிக்க வேண்டும் என்பதுதான் எங்கள் சட்டம். இளையராஜா எங்கள் மாவட்டத்துக்காரர். பண்ணைப்புரம் அப்போது மதுரை மாவட்டம். வாத்தியம் ஒவ்வொன்றுக்கும் ஸ்வரம் ஸ்வரமாக அவரே தாளில் எழுதிக் கொடுப்பார் என்று கேள்விப்பட்டிருந்ததால், அதில் ஒன்றை மாற்றுவது எங்களுக்குத் தப்பாகப் பட்டது. கூட்டமும் விடாது. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் பிஜிஎம்மில் ஒரு துணுக்கு விட்டுப்போனால், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர் பக்கத்து ஆளைப் பார்ப்பார். மேடையிலிருந்து அது தெரியும்.

அதனால் சொந்தமாக எதையும் வாசித்ததில்லை. ஒரு ராத்திரியைத் தவிர.

சோழவந்தான் பக்கம் ஒரு கிராமம், மாரியம்மன் பொங்கல். நள்ளிரவு தாண்டியிருக்கும். சரணத்தின் நடுவில் கரண்ட் போயிற்று. ஆர்கன் செத்தது, லீட் கிட்டார் செத்தது, மைக் செத்தது. ஜெனரேட்டரைக் கிளப்ப ஆட்கள் ஓடினார்கள். பாடிக்கொண்டிருந்த அக்கா நிறுத்தவில்லை. வெறுங்குரலில் பாடினார், கூட்டம் அசையாமல் கேட்டது. தபேலா வாசித்தவன் என் வயசுக்காரன், அவனும் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை. கரண்ட் இல்லாத பேஸ் கிட்டாரில் கம்பி மட்டும் துளி முணுமுணுக்கும். இரண்டடி தள்ளி நிற்பவருக்குக்கூடக் கேட்காது. அவனுக்கு மட்டும் கேட்டது. கழுத்தைச் சாய்த்துக் காதை என் கம்பிப் பக்கம் கொண்டுவந்தான். வேறு யாருக்கும் கேட்காது என்கிற தைரியத்தில், ரெக்கார்டில் உள்ளதை விட்டுவிட்டு வேறெங்கோ போனேன். ஸட்ஜத்தில் இறங்க வேண்டிய இடத்தில் காந்தாரத்தில் நின்றேன். தாளம் விழுவதற்கு ஒரு மாத்திரை முன்னாலேயே எடுத்தேன். அவன் சிரித்தான். சிரித்துவிட்டு நடையை மாற்றினான். நான் விட்ட இடத்தில் அவன், அவன் விட்ட இடத்தில் நான். இருட்டில் அவன் பல் மட்டும் தெரிந்தது.

திடீரென்று ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. பாக்ஸ் அத்தனையிலும் என் கம்பி ஊருக்கே கேட்டது. நான் இன்னும் அந்த வேறெங்கோவில்தான் இருந்தேன். அண்ணன் திரும்பிப் பார்த்தார். “விடு” வரப்போகிறது என்று கை தானாகச் சுருங்கியது.

“போ” என்றார். “போ தம்பி, போ.”

ஒரு சரணம் முழுக்கப் போனேன்.

அப்புறம் எல்லாம் சீக்கிரம் நடந்தது. ஒரே கீபோர்டில் வயலினும் புல்லாங்குழலும் வந்தன. இடது கையில் பேஸும் வந்தது. டிரம்ஸ் இருந்த இடத்துக்கு ரிதம் பேட் வந்தது. வேனில் இடம் மிச்சம், சம்பளத்தில் ஓர் ஆள் மிச்சம். தமிழ்நாடு முழுக்க எத்தனையோ ஆர்க்கெஸ்ட்ராக்களில் முதலில் இறங்கியது பேஸ் கிட்டார்காரன்தான். அவன் இறங்கியது கூட்டத்தில் பல பேருக்குத் தெரியவும் இல்லை. எனக்கு இன்ஜினியரிங் முடிந்திருந்தது, சென்னையில் வேலை கிடைத்தது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிட்டாரைத் திண்டுக்கல் பக்கம் சர்ச்சில் வாசிக்கிற பையன் ஒருவன் வாங்கிக்கொண்டான். தோளில் மாட்டிப் பார்த்துவிட்டு, கழற்றாமலே பணத்தை எண்ணிக் கொடுத்தான். அது பிடித்திருந்தது.

டெட்ராய்ட்டுக்கு வந்து வெகுகாலம் வரைக்கும், இது எப்பேர்ப்பட்ட ஊர் என்று தெரியாமலே வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். வெஸ்ட் கிராண்ட் புல்வார்டில் 2648-ஆம் எண் வீடு. 1959-இல் பெர்ரி கோர்டி என்பவர் வாங்கி, மோடவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனியை அங்கிருந்து நடத்தினார். இப்போது மியூசியம். உள்ளே ஸ்டுடியோ ஏ என்ற அறை. கூரையிலிருந்து வயர்களாகத் தொங்கியதால் வாத்தியக்காரர்கள் அதைப் பாம்புக் குழி என்றார்கள். சின்ன அறைதான்; அண்ணன் வீட்டு மாடி ஞாபகம் வந்துவிட்டது. அந்த அறையில் உட்கார்ந்துதான் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தார். 1962 மாடல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ், தடித்த வழுக்குக் கம்பி. அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும் மீட்டுவார். அந்த ஒற்றை விரலில் பேஸ் என்பது அடியில் தாங்குகிற வேலை என்பது போய், குரலோடு பேசுகிற இன்னொரு குரலாக ஆகிவிட்டது. தாளம் விழும் இடத்துக்கு அவர் நேராக வருவதே இல்லை. முன்னால் வருவார், பின்னால் வருவார், பக்கத்து ஸ்வரத்தை உரசிக்கொண்டு வருவார். நம் சங்கீதத்தில் அதீத எடுப்பு, அனாகத எடுப்பு என்பார்களே, அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு ஜேமர்சன் அந்நியமே இல்லை.

அவர் பெயரும் தட்டில் இருக்காது. 1971-இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பத்தில்தான் மோடவுன் முதன்முதலாக வாத்தியக்காரர்களின் பெயரை அச்சிட்டது. நம் கேசட் அட்டைகளும் அப்படித்தானே: பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர். ராஜாவின் எத்தனையோ பாட்டுகளில் நாங்கள் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்த அந்த பேஸை வாசித்தவர் சசிதரன் என்பதே எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது.

1972-இல் மோடவுன் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனது. ஜேமர்சனும் போனார். அங்கே அவருக்கு வேலை குறைந்தது, உடம்பும் கெட்டது. 1983 ஆகஸ்டில், 47 வயதில் காலமானார். அதற்குச் சற்று முன்புதான் அந்த 1962 கிட்டார் திருடு போயிருந்தது, இன்றுவரை கிடைக்கவில்லை. குடி, காலமாற்றம் என்று காரணம் பல சொல்கிறார்கள். எனக்கு அந்த அறைதான் காரணமாகப் படுகிறது. அந்த டிரம்ஸ்காரர், அந்தப் பியானோக்காரர், அந்த வயர்கள், பதிவு முடிந்ததும் ராத்திரி அதே ஆட்களோடு கிளப்பில் ஜாஸ் வாசிப்பது. ஒருவர் தோளை அசைத்தால் இன்னொருவருக்குப் புரிகிற கூட்டம் அது. விரலைக் கொண்டுபோகலாம். கூட்டத்தைக் கொண்டுபோக முடியாது. டெட்ராய்ட்டிலேயே உட்லான் கல்லறைத் தோட்டத்தில் அவரைப் புதைத்திருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பி வந்தார், அப்படியாவது.

அவரிடமிருந்துதான் இந்த வயதில் படிக்கிறேன். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை நீளவாக்கில் வெட்டி, கிட்டாரின் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் செருகினேன். ஒலி நீளாமல், பிறந்த இடத்திலேயே தொப் என்று நின்றது. மோடவுன் தட்டுகளில் கேட்கிற அந்த ஒலி. நீள முடியாத ஸ்வரத்தை வைத்துக்கொண்டு வாசிக்கும்போது, அடுத்ததை எங்கே வைப்பது என்று கை யோசிக்க ஆரம்பிக்கிறது. பிறகு எனக்கு நானே சில கட்டுப்பாடுகள் வைத்துக்கொண்டேன். ஒரு நாள் முழுக்க மூன்றே ஸ்வரம். இன்னொரு நாள் ஸட்ஜத்தைத் தொடவே கூடாது. இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேலே ஆர்கன் ச, க, ப மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும்போது பேஸ் ஸட்ஜத்தில் நின்றால் பாட்டு தரையில் கால் ஊன்றி நிற்கிறது. அதே பிடிப்புக்கு அடியில் பேஸ் காந்தாரத்துக்கு நகர்ந்தால், மேலே ஒன்றுமே மாறவில்லை, ஆனாலும் பாட்டு எங்கோ கிளம்பத் தயாரானது மாதிரி ஆகிவிடுகிறது. ராஜா இதை எத்தனை பாட்டுகளில் செய்திருக்கிறார் என்று இப்போதுதான் உட்கார்ந்து பார்க்கிறேன். கரண்ட் போன ராத்திரியில் நான் காந்தாரத்தில் நின்றது என்னுடைய கண்டுபிடிப்பு இல்லை, அவருடைய பாட்டுகளை வாசித்து வாசித்து விரலில் ஊறியிருந்தது. தெரிந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது.

வாசிப்பதற்கு முன் வாயால் பாடுகிறேன். பாட முடியாததை வாசிப்பதில்லை. மூச்சு முட்டுகிற இடத்தில் விரலும் நிற்கிறது. இப்படித்தான் என் அடிவரிகளுக்கு வடிவம் வந்தது. கட்டுகிறேன், பதிகிறேன், மறுநாள் கேட்கிறேன். நன்றாகவே இருக்கிறது. இதைச் சொல்லிக்கொள்ள ஒரு மாடி வேண்டும். வெயில் வேண்டும். எதிரில் ஒருத்தன் நடையை மாற்றிக் காட்ட வேண்டும். இங்கே தமிழ்ச் சங்க விழாவில் கரோக்கி ட்ராக் ஓடும், நன்றாகப் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ட்ராக்கில் பேஸ் ஏற்கெனவே இருக்கிறது. அது யாருக்காகவும் நிற்காது, யார் மூச்சு எடுப்பதையும் பார்க்காது.

உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். கோலப் பொடியோ, பட்டறையோ, கபடியோ. கை மறக்காமல் வைத்திருக்க, கூட இருந்தவர்கள் மட்டும் கலைந்துபோன ஒன்று.

அண்ணன் போய்ச் சில வருஷம் ஆகிறது. செய்தி வாட்ஸ்அப்பில்தான் வந்தது. நான் மீட்டிங்கில் இருந்தேன். போன குளிர்காலத்தில் தபேலாக்காரன் ஓர் ஒலிக்கோப்பு அனுப்பினான். எங்கள் கச்சேரி ஒன்றை யாரோ கூட்டத்தில் உட்கார்ந்து டேப்பில் பதிந்திருக்கிறார். இரைச்சல், கைதட்டல், ஒரு குழந்தையின் அழுகை, அதற்குள் எங்கள் பாட்டு. பேஸ் கேட்கவே இல்லை. அந்தச் செயலியில் போட்டேன். பிரித்துக் கொடுத்தது. பேஸ் என்று பெயர் போட்ட பெட்டியைத் திறந்தால், கலங்கலாக, இருபது வயசுப் பையன் ஒருவன் தன்னந்தனியாக வாசித்துக்கொண்டிருந்தான். தாளம் இன்னொரு பெட்டியில் இருந்தது. ஆர்கன் மற்றவை என்ற பெட்டியில். குரல் என்ற பெட்டியில் அக்காவின் பாட்டோடு, ஓரிடத்தில், வெற்றிலை அடக்கிய வாயிலிருந்து ஒரு வார்த்தை. என்ன வார்த்தை என்று தெரியவில்லை. “விடு”வாக இருக்கலாம். “போ”வாக இருக்கலாம். யாரையோ தண்ணீர் கொண்டுவரச் சொன்னதாகவும் இருக்கலாம். பெட்டிகளை மறுபடி சேர்த்து, பிரிக்காத கோப்பையே வைத்துக்கொண்டேன். அதில் பேஸ் கேட்காது. பரவாயில்லை.

தபேலாக்காரன் மதுரையிலேயே இருக்கிறான். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வீடியோ காலில் சேர்ந்து வாசித்துப் பார்த்தோம். அவன் தட்டியது எனக்கு வந்து சேர்ந்து, நான் மீட்டியது அவனுக்குப் போய்ச் சேர எப்படியும் கால் நொடிக்குக் குறையாது. நிமிஷத்துக்கு 120 அடி போகிற பாட்டில் ஓர் அடிக்கு அரை நொடி. அவன் சமத்தில் இருந்தால் நான் வாசிப்பது அவனுக்குப் பாதி அடி தள்ளிக் கேட்கிறது. அவன் எனக்காகக் காத்தான். நான் அவனுக்காகக் காத்தேன். பாட்டு மெதுவாகி, இன்னும் மெதுவாகி, நின்றுவிட்டது. “எங்கடா இருக்க நீ?” என்றான். ஊரைக் கேட்கவில்லை, தாளத்தில் எங்கே இருக்கிறேன் என்று கேட்டான்.

இப்போது வேறு ஏற்பாடு. அவன் நடையைப் போனில் பதிந்து அனுப்புகிறான். அதன் மேல் நான் என் அடிவரியைப் பதிந்து திருப்பி அனுப்புகிறேன். அவன் கேட்டுவிட்டுப் பேசி அனுப்புவான். பதில் வர ஒரு நாள் ஆகும், சில சமயம் ஒரு வாரம். கழுத்தைச் சாய்த்துக் கேட்டவன், சிரித்துவிட்டு மாற்றியவன், இப்போது நான் அங்கே என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாமல் முன்கூட்டியே வாசித்து அனுப்ப வேண்டியிருக்கிறது. இருந்தாலும் அவன் சில இடங்களை எனக்கென்று விட்டு வைக்கிறான். அதைக் கேட்கும்போது தெரிகிறது.

போன வாரம் அனுப்பியது நான் இதுவரை கட்டியதிலேயே நல்லது என்று நினைக்கிறேன். காந்தாரத்தில் தொடங்கி, ஸட்ஜத்துக்கு வராமலே பல்லவி முழுக்கச் சுற்றி, சரணத்தின் வாசலில் ஒரே ஒருமுறை இறங்கும். அவனிடமிருந்து குரல் பதிவு வந்தது. பின்னால் பிரஷர் குக்கர் விசில், பேத்தியின் சத்தம்.

“கேட்டேன்டா. நல்லாருக்கு. நெசமாத்தான் சொல்றேன், முன்னாடி நீ இப்புடி வாசிச்சதே இல்ல.” கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை, பதிவு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. “ஆனா ஒண்ணு. அண்ணன் இருந்தா இதுல பாதிய எடுக்கச் சொல்லிருப்பாரு.”

அவன் சொன்னது சரி என்று கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. இறங்கிப் போய் உட்கார்ந்தேன். பல்லவியின் இரண்டாவது வரியில் ஒரு ஸ்வரத்தை எடுத்தேன். திரும்பப் போட்டேன். வேறொன்றை எடுத்தேன். எந்தப் பாதியை எடுக்கச் சொல்வார் என்று கேட்டு அவனுக்குப் பேசி அனுப்பினேன். தெரியலையேடா என்கிறான்.